டேனியோ மீனைப் படமெடுக்க ஒரு குறுந்தொட்டி

ஜீப்ரா டேனியோ, உடலில் நீளவாட்டில் கருங்கோடுகள் கொண்ட, நான்கு சென்டிமீட்டர் அளவே வளரும் மீன். விழித்திருக்கும் வரை ஓரிடத்தில் நிற்பதில்லை. விலங்கியல் மாணவர்களுக்குக் காட்டுவதற்காக அதை இரண்டடித் தொட்டியில் பல வாரங்கள் படமெடுத்தும் கூர்மையான படம் ஒன்றுகூடத் தேறவில்லை. ஆகவே, கிருஷ்ணகிரியில் மீன்தொட்டி ஒட்டித் தரும் ஒரு சிறு கடையில், படமெடுப்பதற்கென்றே ஒரு தொட்டி செய்து வாங்கினேன். நீளம் 20 சென்டிமீட்டர், உயரம் 15, முன்பின் அகலம் 5 மட்டுமே. விலை 700 ரூபாய்.

அந்த 5 சென்டிமீட்டர்தான் இதன் உயிர். சிறியவற்றை நெருங்கிப் பெரிதாக எடுக்கும் மேக்ரோ லென்ஸில் இவ்வளவு சிறிய மீனை நெருங்கும்போது, சில மில்லிமீட்டர் ஆழத்துக்குள் இருப்பது மட்டுமே தெளிவாக விழும். குறுகிய தொட்டியில் மீன் முன்னும் பின்னும் விலக இடமில்லை; பக்கவாட்டிலேயே நீந்துவதால் தலைமுதல் வால்வரை ஒரே தெளிவில் கிடைக்கிறது. லென்ஸைக் கண்ணாடிக்கு நேராக வைப்பதும் எளிதாகிறது. சாய்த்துப் பார்த்தால் ஒளி விலகி, மீனின் கோடுகளின் ஓரம் மங்கிவிடும்.

அந்தக் கோடுகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். கருங்கோட்டில் கருமை நிறமிச் செல்களும், இடையிலுள்ள வெளிர்பட்டையில் மஞ்சள் செல்களும் இருக்கின்றன. இரண்டிலும் ஒளியைத் தெறிக்கவிடும் செல்கள் சேர்ந்திருக்கின்றன. இந்த மூன்றாவது வகைச் செல்களில் குவானைன் என்ற பொருளின் பளபளக்கும் படிகங்கள் இருப்பதால், ஃபிளாஷை முன்னிருந்து அடித்தால் மீனின் பக்கமெல்லாம் வெள்ளையாக வெளுத்துவிடுகிறது. தொட்டியின் வாய் திறந்திருப்பதால் ஃபிளாஷை மேலிருந்து, மெல்லிய வெள்ளைத்தாள் வழியாக இறக்க முடிந்தது. நீலமும் பொன்னிறமும் பிரிந்து தெரிந்த முதல் படத்தைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே மெய்சிலிர்த்தது. 1822இல் ஸ்காட்லாந்து இயற்கையியலாளர் ஃபிரான்சிஸ் ஹாமில்டன் கங்கை ஆற்று மீன்களைப் பற்றிய நூலில் விவரித்த, நம் நாட்டு நீர்நிலைகளில் இயல்பாக வாழும் இந்த மீனை, வெளிநாட்டு ஆய்வகத்து உயிரினம் என்றே என் மாணவர்கள் பலர் எண்ணியிருந்தார்கள். மனித மரபணுக்களில் சுமார் 70 விழுக்காட்டுக்கு இணையானவை இதனிடம் உண்டு என்று 2013இல் வெளியான மரபணுத்தொகுதி ஆய்வு காட்டியது.

குறைகளும் உண்டு. கண்ணாடியில் இலேசான பச்சைச் சாயல் இருப்பதால் கேமராவில் வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி வெண்சமநிலையைத் திருத்த வேண்டியிருக்கிறது. ஒரு மூலையில் கண்ணாடியை ஒட்டிய சிலிக்கோன் பசை பிதுங்கிப் படத்தின் ஓரத்தில் விழுகிறது. மூடி தரவில்லை, டேனியோ துள்ளிக் குதிக்கும் மீன் என்பதால் இதைப் பெரிய குறையாகவே கருதுகிறேன். முதல் நாளே ஒரு மீன் வெளியே விழுந்தது. உடனே எடுத்து விட்டதால் பிழைத்தது. இப்போது பிளாஸ்டிக் வலையால் மூடிக்கொண்டு, அதன் மேலேயே ஃபிளாஷை அடிக்கிறேன்.

இப்பகுதியின் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. காய்ந்தால் கண்ணாடியில் வெள்ளைப் படலம் படிந்து, அது படத்தில் தூசிபோலத் தெரியும். ஒவ்வொரு முறையும் வினிகரில் நனைத்த துணியால் துடைத்து, நன்கு அலசிய பிறகே மீனை விடுகிறேன். நீர் மட்டும் மீன்களின் பழைய தொட்டியிலிருந்தே எடுக்க வேண்டும். மீனை இதில் பத்து நிமிடத்துக்கு மேல் வைத்திருப்பதில்லை.

முட்டைக்குள் ஒளிபுகும் கருவைப் படமெடுக்க விரும்புவோருக்கு இத்தொட்டி உதவாது. அதற்கு நுண்ணோக்கிதான் வேண்டும். வளர்ந்த மீனுக்கு, மூடியுடன் செய்து தரச் சொல்லி இன்னொன்றுக்கும் முன்பணம் கொடுத்திருக்கிறேன்.