ஹார்ட் டிஸ்க் மாற்றக் கொடுக்கிறீர்களா? பழைய டிஸ்க்கைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்

மதுரையில் வீட்டிலிருந்தே கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். பதினான்கு சின்னக் கடைகளின் ஜிஎஸ்டி, டேலி (கணக்கு எழுதும் சாஃப்ட்வேர்) எல்லாம் ஒரே லேப்டாப்பில். 2019-ல் வாங்கியது. ஆன் செய்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்தாலும் டேலி திறந்திருக்காது. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக அதைவிட வேகமான எஸ்எஸ்டி போட்டால் பறக்கும் என்று எல்லாரும் சொன்னதால் ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தேன். கடையின் பெயர் இங்கே வேண்டாம்; என்ன செய்தார்கள் என்று தெரிந்தால் எந்தக் கடையிலும் நீங்கள் சுதாரித்துக்கொள்ளலாம்.

"எல்லாம் அப்படியே இருக்கும்ணே, ஒண்ணும் மாறாது" என்றார் கவுன்டரில் இருந்த தம்பி. எஸ்எஸ்டி, 'ஒரிஜினல் விண்டோஸ்', கூலி எல்லாம் சேர்த்து 6,500 ரூபாய். அதில் விண்டோஸுக்கு மட்டும் 1,500. பழைய டிஸ்க்கை அவர்களே வைத்துக்கொண்டு 300 கழித்தார்கள். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதித் தந்தார்கள். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

லேப்டாப் உண்மையிலேயே பறந்தது. இரண்டரை மாதம் ஒரு குறையும் தெரியவில்லை.

அப்புறம் ஒரு 18-ம் தேதி ராத்திரி. 20-ம் தேதி, மாதாமாதம் கொடுக்கும் ஜிஎஸ்டி ரிட்டர்னான 3பி தாக்கல் செய்யக் கடைசி நாள். விண்டோஸ் அப்டேட் ஓடி முடிந்து நீலத்திரை வந்து நின்றது. மறுபடி ஆன் செய்தேன், மறுபடி நீலத்திரை. முன்பு ஒருமுறை இப்படி ஆனபோது, இரண்டு மூன்று தடவை திணறிய பிறகு விண்டோஸே 'ரிப்பேர்' திரையைக் காட்டி, அதிலேயே சரிசெய்ய முடிந்தது. இந்த முறை அந்தத் திரையே வரவில்லை. கம்பெனி கொடுத்த ரெக்கவரிக்காக எஃப்11 அழுத்திப் பார்த்தேன். அதுவும் இல்லை.

காலையில் கடை திறக்கும்போதே போய் நின்றேன். "அதெல்லாம் பழைய டிஸ்க்குல இருந்ததுண்ணே. ஃபார்மேட் பண்ணித்தான் போடணும், 1,200 ஆகும். டேட்டா வேணும்னா அது தனி." ஒன்றும் மாறாது என்று சொன்ன அதே தம்பி!

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அக்கா மகனிடம் போனேன். அவன் 8 ஜிபி பென்டிரைவில் விண்டோஸ் இன்ஸ்டால் பைலை ஏற்றி, அதிலிருந்து பூட் செய்தான். இன்ஸ்டால் என்று போகாமல் 'ரிப்பேர்' பக்கம் போய், கடைசியாக வந்த அப்டேட்டை மட்டும் நீக்கினான். இருபது நிமிடத்தில் லேப்டாப் உயிர்பெற்றது. ஒரு ஃபைல்கூடப் போகவில்லை. ஃபார்மேட் செய்தே ஆக வேண்டும் என்று கடையில் சொன்னது பொய்.

"மாமா, இதைப் பாருங்க" என்று கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்தான். ஆர்-இ-ஏ-ஜி-இ-என்-டி-சி என்று சேர்த்து அடித்து, ஒரு இடம் விட்டு, ஸ்லாஷ் இன்ஃபோ. விண்டோஸ் ஆர்இ ஸ்டேட்டஸ் என்ற வரிக்கு எதிரே 'டிஸேபிள்டு' என்று இருந்தது. ஆர்இ என்றால் அந்த ரிப்பேர் திரைதான்; அது வராததற்கு இதுதான் காரணம். டிஸ்க்கில் அதற்கென்று ஒதுக்கும் ரெக்கவரி பார்ட்டிஷனே இல்லை. எங்கோ வெட்டிக் குறைத்து வைத்திருந்த விண்டோஸ் காப்பியை அப்படியே கொட்டியிருக்கிறார்கள். சிஸ்டம் புரொடெக்‌ஷனும் ஆஃப், பழைய நிலைக்குத் திரும்ப ஒரு ரெஸ்டோர் பாயின்ட்கூட இல்லை.

என்னை உட்கார வைத்தது அடுத்ததுதான். எக்ஸ்டர்னல் டிஸ்க்கில், ஃபைல்களைத் தானாகக் காப்பி எடுக்கும் விண்டோஸின் ஃபைல் ஹிஸ்டரியை வைத்து, டேலி ஃபோல்டரையும் அதில் சேர்த்திருந்தேன். தினமும் அந்த டிஸ்க்கைச் சொருகுவேன், விளக்கும் எரியும். உள்ளே பார்த்தால், லேப்டாப்பைக் கடையில் கொடுத்ததற்கு முதல் நாளோடு காப்பி நின்றுபோயிருந்தது. விண்டோஸைப் புதிதாகப் போட்டால் ஃபைல் ஹிஸ்டரியை நாம்தான் மறுபடி ஆன் செய்ய வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

சரிசெய்தது இப்படி. அதே பதிப்பு விண்டோஸின் இன்ஸ்டால் பைலிலிருந்து வின்ஆர்இ என்ற பைலை எடுத்து, சிஸ்டம்32-க்குள் இருக்கும் ரெக்கவரி ஃபோல்டரில் வைத்தான். அதே கமாண்டை ஸ்லாஷ் இனேபிள் என்று அடித்தான். 'இனேபிள்டு' ஆனது. கன்ட்ரோல் பேனலில் ஃபைல் ஹிஸ்டரிக்குள் டிரைவைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில், முந்தைய பேக்அப்பைத் தொடரலாம் என்று ஒரு டிக் பெட்டி இருக்கிறது. அதை டிக் செய்ததும் பழைய காப்பிகளோடு சேர்ந்துகொண்டது. டேலி ஃபோல்டரை மட்டும் மறுபடி சேர்த்தோம்.

அந்த 1,500 ரூபாயும் வீண். கம்பெனியே விண்டோஸ் போட்டு விற்ற லேப்டாப் என்றால் லைசென்ஸ் மதர்போர்டோடு சேர்ந்தது. டிஸ்க் மாறினாலும் அதே பதிப்பைப் போட்டால் நெட் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும்.

இனி யாராவது கொடுப்பதாக இருந்தால், குளோன் (பழைய டிஸ்க்கை அப்படியே நகலெடுப்பது) செய்வீர்களா, புதிதாக இன்ஸ்டால் செய்வீர்களா என்று முதலிலேயே கேளுங்கள். முழு டிஸ்க்கையும் குளோன் செய்தால் ரெக்கவரி பார்ட்டிஷனும் கூடவே வரும். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால், லேப்டாப்பைக் கொடுப்பதற்கு முன்பே அதன் 48 இலக்க ரெக்கவரி எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பணம் கொடுப்பதற்கு முன், கடையிலேயே மேலே சொன்ன கமாண்டை ஸ்லாஷ் இன்ஃபோ என்று அடித்து 'இனேபிள்டு' என்று வருகிறதா என்று பாருங்கள். எஸ்எஸ்டியின் சீரியல் நம்பர் போட்ட பில் இல்லாமல் நகராதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்தபோது பில் இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள். என்னிடம் அந்தத் துண்டுச் சீட்டுதான் இருந்தது.

பழைய டிஸ்க்கைக் கேட்டு இரண்டு தடவை போனேன். முதல் தடவை, "மொத்தமா எடுக்கிறவங்க கொண்டுபோயிட்டாங்க" என்றார்கள். இரண்டாம் தடவை ஒரு அட்டைப்பெட்டியைக் காட்டி, "இதுல இருந்தா எடுத்துக்கங்க" என்றார்கள். இருபதுக்கு மேல் டிஸ்க் கிடந்தது, எல்லாம் யார் யாருடையதோ. என்னுடையது அதில் இல்லை. அந்த டிஸ்க்கில் பதினான்கு பேரின் பான் கார்டு, ஆதார் நகல், பேங்க் ஸ்டேட்மென்ட், ஜிஎஸ்டி பாஸ்வேர்டு எழுதிய எக்செல் ஷீட் இருந்தன.

பாஸ்வேர்டுகளை அன்றைக்கே மாற்றிவிட்டேன். ஒவ்வொரு கடைக்கும் நேரில் போய் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இதுவரை ஒன்பது பேரிடம் சொல்லியாயிற்று. மீதி ஐந்து பேரை இந்த வாரத்துக்குள் பார்க்க வேண்டும்.