"சீல் பிரிக்காத நோக்கியா என்97" வாங்கப் போகிறீர்களா? படித்துவிட்டுப் பணம் அனுப்புங்கள்

பழைய போன் சேகரிப்பவர்களுக்காக இந்தப் பதிவு. கொஞ்ச நாளாக நோக்கியா என்97 "புத்தம் புதுசு, பாக்ஸ் பீஸ், சீல் உடைக்காதது" என்று பல குழுக்களில் விற்பனைக்கு வருகிறது. நான் 9,500 ரூபாய் கொடுத்து ஒன்று வாங்கினேன். வந்தது பாடி மாற்றிய போன். வருடக்கணக்கில் அடித்துத் துவைத்த ஒரு போனின் போர்டை எடுத்து, டூப்ளிகேட் ஹவுசிங் (வெளிக்கூடு) மாட்டி, அச்சடித்த பெட்டியில் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். விற்றவர் இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார். அதனால்தான் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: 2008 டிசம்பரில் அறிவித்து 2009 ஜூனில் கடைக்கு வந்த மாடல் இது. மூன்றரை அங்குல டச் ஸ்க்ரீன். திரையைத் தள்ளினால் 'டக்' என்ற சத்தத்தோடு சாய்ந்து நிற்கும், அடியில் மூன்று வரிசை குவெர்ட்டி கீபோர்டு. 32 ஜிபி மெமரி, கார்ல் ஸைஸ் லென்ஸோடு 5 மெகாபிக்சல் கேமரா, காரில் பாட்டு கேட்க எஃப்எம் டிரான்ஸ்மிட்டர். இந்தியாவில் அப்போது முப்பதாயிரத்துக்கு மேல். என் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து ஒன்று கொண்டுவந்தார். அதில் ஓபரா மினி பிரவுசர் போட்டு, முகவரிப் பட்டையில் config: என்று தட்டி, எழுத்தைப் படமாகக் காட்டும் பிட்மேப் எழுத்துருவை 'யெஸ்' ஆக்கி, கட்டம் கட்டமாகத் தெரிந்த தமிழைப் படிக்க வைத்ததெல்லாம் அந்தக் காலத்து ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆகையால் இந்த போன் கையில் எப்படி இருக்கும் என்பது எனக்கு அத்துப்படி.

எனக்கு விற்றவர் விளம்பரத்தில் மூன்று விஷயங்கள் சொல்லியிருந்தார். ஒன்று, சீல் பிரிக்காதது. இரண்டு, "வாட்ஸ்அப், யூடியூப் எல்லாம் வொர்க்கிங்". மூன்றாவதுதான் தமாஷ்: "ஸ்ரீபெரும்புதூர் ஃபேக்டரி மூடினப்போ எடுத்த ஸ்டாக் ப்ரோ, கடைசி ரெண்டு பீஸ்தான் இருக்கு."

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006 முதல் 2014 வரை ஓடியது உண்மை. நம்மூரில் அதில் வேலை பார்த்த யாரையாவது எல்லோருக்கும் தெரியும், அதனால் இந்தக் கதை சுலபமாக எடுபடுகிறது. எனக்கு வந்த போனின் பாட்டரியைக் கழற்றினால் உள்ளே ஸ்டிக்கரில் 'மேட் இன் ஃபின்லாந்து'. ஸ்ரீபெரும்புதூர் ஸ்டாக் ஃபின்லாந்து போய்வந்திருக்கிறது போல.

வாட்ஸ்அப் கதையும் அப்படித்தான். என்97-இல் ஓடுவது சிம்பியன் எஸ்60 என்ற இயங்குதளம்; அந்த வகைப் போன்களில் வாட்ஸ்அப் 2017 ஜூன் 30-ஓடு நின்றுபோனது. பாதுகாப்புச் சான்றிதழ்கள் பழசாகிவிட்டதால் பிரவுசரில் இன்றைய தளங்கள் பெரும்பாலும் திறக்கவே திறக்காது. இது 2ஜி, 3ஜி போன்; ஜியோ சிம் போட்டால் நெட்வொர்க்கே வராது, அவர்களிடம் 2ஜி, 3ஜி கிடையாது. இது எனக்கு முன்பே தெரியும், அழகுக்காகத்தான் வாங்கினேன். ஆனால் அப்பாவுக்குப் பட்டன் போன் வேண்டும் என்று இதை வாங்கிக்கொடுத்த ஒருவரையும் அதே குழுவில் பார்த்தேன். அவருக்கு என்ன பதில்?

போனுக்கு வருகிறேன். பெட்டியைப் பிரித்ததுமே கை சொல்லிவிட்டது. திரையைத் தள்ளினால் அந்த 'டக்' இல்லை. பாதி தூரம் வந்து தளர்ந்து நிற்கிறது, மீதியை நாம்தான் தூக்கிவிட வேண்டும். கீபோர்டில் எழுத்துகள் லேசாகக் கோணலாக அச்சாகியிருந்தன. அப்புறம் கேமரா. என்97-இல் லென்ஸ் மேல் ஒரு தள்ளுமூடி உண்டு. ஆரம்பத்தில் வந்த போன்களில் அந்த மூடிக்கும் கண்ணாடிக்கும் நடுவே தூசி மாட்டி, திறந்து மூடும்போதெல்லாம் கண்ணாடியையே கீறிவிடும். நோக்கியா பிறகு அந்தப் பகுதியை மாற்ற வேண்டியிருந்தது. என் போனில் கண்ணாடி பளிங்கு மாதிரி இருந்தது, மூடியைத் திறந்து மூடிய உட்புறத் தடத்தில் மட்டும் தேய்மானம். வெளியே புதுசு, உள்ளே பழசு.

ஆன் செய்து டயல் பேடில் *#92702689# தட்டினேன். இந்த போன் பிறந்ததிலிருந்து மொத்தம் எவ்வளவு நேரம் பேசியிருக்கிறார்கள் என்று காட்டும் கோடு அது. சீல் பிரிக்காத போனில் அது பூஜ்யமாக இருக்க வேண்டும். இதில் ஆயிரம் மணி நேரத்தைத் தாண்டியிருந்தது! *#06# போட்டால் வந்த ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) பாட்டரிக்கு அடியில் இருந்த எண்ணோடு ஒத்துப்போனது, பெட்டியில் இருந்தது வேறு எண். பாட்டரியின் மேல் 3000 எம்ஏஎச் என்று போட்டிருந்தது. இதற்கு வரும் பிபி-4எல் பாட்டரியே 1500 எம்ஏஎச்தான். அதே அளவு டப்பாவுக்குள் இரண்டு மடங்கு எப்படி அடைத்தார்கள் என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

இதெல்லாம் ஏமாற்று என்றாலும் போன் ஓடினால் அலமாரியில் வைத்துவிடலாம் என்று நினைத்தேன். மறுநாளே திரையைத் திறந்தால் வெள்ளை, மூடினால் படம் வருகிறது. ஸ்லைடு போன்களின் ஆகாத இடம் இது. போர்டு கீழ்ப் பாதியில், டிஸ்ப்ளே மேல் பாதியில். இரண்டையும் இணைப்பது காகிதம்போல மெல்லிய ஒரு ஃப்ளெக்ஸ் கேபிள். ஒவ்வொரு முறை தள்ளும்போதும் அது மடங்கி விரிகிறது. ஆயிரக்கணக்கான தடவைக்குப் பிறகு உள்ளே இருக்கும் இழைகள் விட்டுப்போகும். ஹவுசிங் மாற்றியவர் பழைய ஃப்ளெக்ஸை அப்படியே விட்டுவிட்டார். விளம்பர வீடியோவை மறுபடி ஓட்டிப் பார்த்தேன்: போனைத் திறந்து காட்டுகிற இடத்தில் திரை அணைந்திருக்கிறது, எரிகிற இடத்திலெல்லாம் மூடியிருக்கிறது.

அவரிடம் கேட்டபோது வந்த பதில்கள் வரிசையாக: "சிம்பியன்னா அப்படித்தான் ப்ரோ, ஹேங் ஆகும்." அப்புறம் "நானோ சிம் அடாப்டர் போட்டிருப்பீங்க, அதனாலதான்." அப்புறம் "அன்பாக்ஸிங் வீடியோ இருக்கா?" இருந்தது, அனுப்பினேன். "டெஸ்டிங் வாரண்டி ஒரு நாள்தான், முடிஞ்சுபோச்சு." கடைசியில் பாதிப் பணம் தருவதாகச் சொல்லி என் யூபிஐ விவரம் வாங்கிக்கொண்டு பிளாக் செய்துவிட்டார்.

"சிம்பியன் அப்படித்தான்" என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் பலர் இதில்தான் வாயடைத்துப் போகிறார்கள். என்97 நிஜமாகவே மெதுவான போன். 434 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர், 128 எம்பி ரேம். போன் எழுந்து நிற்கவே அதில் பாதிக்கு மேல் போய்விடும். 32 ஜிபி இருந்தும் சிஸ்டம் இருக்கும் சி டிரைவில் நூறு எம்பி கூடத் தேறாது, நாலு ஆப் போட்டால் 'மெமரி ஃபுல்'. திரை ரெசிஸ்டிவ் வகை, தடவினால் போதாது, நகத்தால் அழுத்த வேண்டும். கீபோர்டைத் திறந்தால் படம் திரும்ப ஒரு மூச்சு நேரம் ஆகும். நோக்கியாவின் உயர் அதிகாரி அன்ஸி வான்யோகியே 2010-இல் இந்த போன் தந்த அனுபவம் பெரிய ஏமாற்றம் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். சரி, அது போனின் குணம். திரை வெளுப்பதும், ஸ்பீக்கரில் போட்டால் கேட்கும் குரல் காதில் வைத்தால் கேட்காமல் போவதும் குணமல்ல, பழுது. இரண்டையும் ஒன்றாகக் கலக்கி உங்கள் வாயை மூட விடாதீர்கள்.

எனக்காவது ஒரிஜினல் போர்டு கிடைத்தது. அந்தக் காலத்துச் சைனா போலி என்97-களும் இப்போது 'ரேர் பீஸ்' என்ற பெயரில் சுற்றுகின்றன. இரண்டு சிம், இழுத்தால் நீளும் டிவி ஆன்டெனா. சிலவற்றில் கீபோர்டே கிடையாது, ஸ்லைடர் மாதிரி ஒரு கோடு மட்டும் இருக்கும். அவற்றை *#0000# தட்டிப் பிடித்துவிடலாம்: ஒரிஜினலில் சாஃப்ட்வேர் பதிப்போடு ஆர்எம்-505 என்று வரும், அமெரிக்க மாடல் என்றால் ஆர்எம்-506.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். விளம்பரம் வந்த தளத்தில் "நாங்கள் விளம்பரத்தைக் காட்டுவதோடு சரி" என்று கைகழுவிவிட்டார்கள். தெரிந்த சர்வீஸ் கடைக்காரர் வேறொரு செத்த போனிலிருந்து ஃப்ளெக்ஸ் எடுத்துப் போட்டுத் தருகிறேன் என்றார். புகார் முடியும்வரை போனைத் திறக்க வேண்டாம் என்று வைத்திருக்கிறேன்.

போன வாரம் வேறு பெயரில், வேறு குழுவில், அதே மேஜைவிரிப்பின் மேல் வைத்து எடுத்த அதே படங்களோடு மறுபடி "கடைசி ரெண்டு பீஸ்" வந்திருக்கிறது. விலை இப்போது 11,000. யாருக்காவது ஆசை இருந்தால், திரை எரியும்போதே போனைப் பலமுறை திறந்து மூடி, *#92702689# தட்டுவதையும் சேர்த்து, வெட்டாமல் ஒரே வீடியோவாக அனுப்பச் சொல்லுங்கள். கேட்டுப் பார்த்த இரண்டு பேருக்கு இதுவரை பதில் வரவில்லை.