மேளச்சமாவை எட்டுத் தடத்தில் பதிய: மிக்சரோடு பெஹ்ரிங்கர் யு.எம்.சி. 1820

கோயில் திருவிழாவில் மேளச்சமாவை, அதாவது நாதஸ்வர தவில் கச்சேரியை, பதிந்து தரச் சொன்னால் பெரும்பாலும் கிடைப்பது இரண்டு தடப் பதிவுதான். சவுண்ட் சேர்விஸ்காரரின் மிக்சரில் இருந்து இடது, வலது வயரை இழுத்து ஒரு ரெக்கோர்டரில் செருகிவிடுவார்கள். திறந்த வீதியில் தவிலுக்கு ஸ்பீக்கர் அவ்வளவாகத் தேவையில்லை, அதனால் மிக்சரில் அதைக் குறைத்துத்தான் வைத்திருப்பார். அவருடைய வேலைக்கு அது சரி. ஆனால் பதிவிலும் தவில் அமுங்கிப்போய்விடும், பிறகு எந்த சொப்ட்வெயாரைப் போட்டாலும் அது வெளியே வராது. தவிலுக்குப் பேர்போன இணுவிலும் அளவெட்டியும் இருக்கிற யாழ்ப்பாண மண்ணில் தவில் அப்படிக் கேட்பதை என்னால் பொறுக்க முடிவதில்லை. பெஹ்ரிங்கர் யு.எம்.சி. 1820 என்னும் இந்தப் பெட்டியை நான் வாங்கியது அதற்காகத்தான். இது ஒரு ஓடியோ இன்டர்ஃபேஸ்: பல மைக்குகளின் சத்தத்தை யு.எஸ்.பி. வழியாக லப்டொப்புக்குத் தனித்தனித் தடமாக அனுப்பும்.

பெயரில் உள்ள 18, 20 என்பவை உள்ளே போகும், வெளியே வரும் சனல்களின் எண்ணிக்கை. அந்த 18இல் நேரே வயர் செருகக்கூடியவை எட்டு. மற்ற எட்டு அடாட் என்னும் ஒளி வயர் வழியாக, கடைசி இரண்டு எஸ்/பிடிஐஎஃப் என்னும் டிஜிட்டல் வயர் வழியாக. ஆக, வேறு பெட்டி ஏதும் சேர்க்காவிட்டால் இது எட்டுச் சனல் பெட்டிதான். மேளத்துக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது: இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவிலுக்கும் வலந்தலை (விரற்கூடு போட்டுத் தட்டும் பக்கம்), தொப்பி (கம்பால் அடிக்கும் பக்கம்) என்று நான்கு மைக், தாளத்துக்கு ஒன்று, சுருதிப் பெட்டிக்கு ஒன்று.

மைக்கை நேரே இதில் குத்தலாம், மைக்கின் மெல்லிய சத்தத்தைப் பெருக்கும் பிரீஆம்ப், மிடாஸ் வடிவமைத்தவை, எட்டும் உள்ளே இருக்கின்றன. ஆனால் திருவிழாவில் மைக்குகள் ஏற்கெனவே சவுண்ட் சேர்விஸ்காரரின் மிக்சரில் இருக்கும், அவற்றைக் கழற்ற அவர் விடமாட்டார், விடவும் கூடாது. அதனால் மிக்சரின் பின்பக்கம் ‘இன்சேர்ட்’ என்று எழுதியிருக்கும் துளைகளில் இருந்துதான் நான் எடுக்கிறேன். அந்த ஒரே துளையில் சத்தம் வெளியே போய்த் திரும்பவும் உள்ளே வரும். ஜக்கின் நுனி அனுப்புவது, நடு வளையம் திரும்பப் பெறுவது. சாதாரண மோனோ ஜக்கை முதல் ‘டிக்’ வரை மட்டும் செருகினால் மேடைச் சத்தம் அறாமல் ஒரு பிரதி நமக்கு வரும். மெக்கி நிறுவனம் தன் மிக்சர் கையேட்டிலேயே இந்த வழியைச் சொல்லியிருக்கிறது. ஆனால் யாராவது வயரில் கால் தட்டி ஜக் முழுதாக உள்ளே போனால் மேடையில் அந்த மைக் செத்துவிடும். ஆகவே மிக்சர் பக்கத்துக்கு ஸ்டீரியோ ஜக் எடுத்து, நுனியையும் வளையத்தையும் ஒன்றாக ஈயம் வைத்து, முழுதாகவே செருகிவிடுகிறேன். சத்தம் எங்களுக்கும் வருகிறது, அங்கேயும் திரும்பிப் போகிறது. மறுமுனையில் சாதாரண மோனோ ஜக். ஒரு கடையில் ஆயத்தமாக வாங்கிய கேபிளைப் பிரித்துப் பார்த்தபோது கவசக் கம்பி பாதிதான் சுற்றியிருந்தது, அன்றிலிருந்து எல்லாம் என் கையால்தான்.

பெட்டிப் பக்கம் கவனிக்க வேண்டியது ஒன்று. அதன் துளையில் எக்ஸ்.எல்.ஆர். என்னும் மூன்று முனை மைக் பிளக்கும் போகும், ஜக்கும் போகும். மிக்சரில் இருந்து வருவது லைன் சத்தம், அதாவது ஏற்கெனவே பெருக்கிய சத்தம், ஆகவே ஜக்கைத்தான் செருக வேண்டும். எக்ஸ்.எல்.ஆர். மைக்குக்கான வழி, அதில் லைன் சத்தத்தைக் கொடுத்தால் உடைந்து கேட்கும். கெயினை (உள்ளே வரும் சத்தத்தைப் பெருக்கும் குமிழை) குறைந்த இடத்தில் தொடங்கி, சராசரி மைனஸ் 18 டெசிபல் அளவில் நிற்கப் பார்ப்பேன், பூச்சியம்தான் உச்சம். 24 பிட்டில் பதியும்போது சிவப்பு வரை ஏற்ற வேண்டிய தேவையே இல்லை. தவிற்காரர் சூடுபிடித்து அடிக்கும் இடத்துக்கு மேலே இடம் வேண்டுமே!

பெரும்பாலான மிக்சர்களில் இன்சேர்ட், ஈக்யூவுக்கும் (தொனியை மாற்றும் குமிழ்கள்) பேடருக்கும் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் தள்ளி) முன்னாலேயே பிரிகிறது. சவுண்ட்காரர் அங்கே எதைக் கூட்டினாலும் குறைத்தாலும் எங்கள் பதிவு அசையாது. கெயின் குமிழ் மட்டும் இருவருக்கும் பொது. சமா தொடங்கிய பிறகு அதைத் தொடவேண்டாம் அண்ணை என்று முன்னமே கேட்டுக்கொள்வது நல்லது.

பலன்? தொப்பியில் கம்பு விழும் கனமும், வலந்தலையில் விரற்கூடு தட்டும் கூர்மையும் தனித்தனித் தடத்தில் கிடைக்கின்றன. இரண்டு தவிலும் மாறி மாறிப் பேசும்போது ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் வைத்தால், யார் எங்கே எடுத்தார், யார் எங்கே முடித்தார் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம். இதற்காகவே இந்தப் பெட்டிக்குக் கொடுத்த காசு தகும்.

குறைகளும் உண்டு. எட்டுத் துளையில் இரண்டு முன்பக்கம், ஆறு பின்பக்கம். ரக்கில் (கருவிகளை அடுக்கிப் பூட்டும் சட்டத்தில்) பூட்டினால் வயர் இரண்டு பக்கமும் ஓடும். சத்தத்தின் அளவைக் காட்டும் மீற்றர் இல்லை, சிக்னல், கிளிப் என்ற விளக்குகள் மட்டும்தான். ஆகவே லப்டொப் திரையில் கண் இருக்க வேண்டும். சாம்பிள் ரேட் (ஒரு செக்கனில் சத்தத்தை அளக்கும் தடவைகள்) 96 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் போகாது, எனக்கு 48 போதும். அந்த அளவில் எட்டுத் தடமும் மணிக்கு ஏறத்தாழ 4.1 ஜிகாபைட் பிடிக்கும், விடிய விடிய நடக்கும் சமாவுக்கு வட்டில் இடம் பார்த்து வையுங்கள்.

ஜெனரேற்றரில் ஓடும் மேடைகளில் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் வரும். முதலில் மிக்சர், பெட்டி, லப்டொப் மூன்றையும் ஒரே பிளக் பலகையில் போடுங்கள். பிறகும் வந்தால் லப்டொப் சார்ஜரைக் கழற்றிப் பற்றரியில் ஓட்டிப் பாருங்கள், அனேகமாக அதோடு அடங்கும். அதற்கும் அடங்காவிட்டால் மிக்சருக்கும் பெட்டிக்கும் இடையில், மின் தொடர்பை அறுத்துச் சத்தத்தை மட்டும் கடத்தும் ஐசொலேஷன் டிரான்ஸ்போர்மர் போட வேண்டும். எர்த் கம்பியை வெட்டும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. மழை நனைந்த கோயில் வீதியில் ஒருவர் மைக்கைப் பிடிக்கும்போது அது உயிருக்கே ஆபத்து, தயவுசெய்து செய்யாதீர்கள்.

கிற்றார், டிரம்ஸ் வைத்த இசைக்குழுவைப் பதிபவருக்கும் இதே வழிதான், டிரம்ஸுக்கு நான்கு கொடுத்தால் மற்றவற்றுக்கு நான்கு மிஞ்சும். யு.எஸ்.பி. உள்ள மிக்சர் இருக்கிறதே, இது எதற்கு என்று கேட்பவர்கள் கையேட்டை ஒருக்கா பார்க்க வேண்டும். யமஹா எம்.ஜி. 12 எக்ஸ்.யு. போன்றவற்றின் யு.எஸ்.பி.யில் இரண்டு சனல்தான் போகும். உங்கள் மிக்சரில் இன்சேர்ட்டோ டைரக்ட் அவுட்டோ (ஒவ்வொரு சனலையும் தனியே வெளியே தரும் துளை) இல்லாவிட்டால் இந்தப் பெட்டியை வாங்கியும் மைக்கை நேரே இதில்தான் குத்த வேண்டிவரும். எக்ஸ்32 போன்ற டிஜிட்டல் மிக்சர் வைத்திருப்பவர்கள் வாங்கவே வேண்டாம், அது ஒரே யு.எஸ்.பி. வயரில் 32 சனல் தருகிறது.