அதிர்வுக் கையுறையுடன் 18 மாதங்கள்

காரைக்குடியில் இருக்கும் நானும் சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பியும் ஞாயிறுதோறும் மெய்நிகர் உலகில் சந்தித்துக்கொள்வதற்காக, அவ்வுலகைக் கண்முன் காட்டும் தலைக்கருவியோடு அதிர்வுக் கையுறையும் ஆளுக்கொரு ஜோடி வாங்கி 18 மாதங்கள் ஆகின்றன. எங்கள் பூர்வீக வீட்டின் வளவை, அதாவது நடுமுற்றத்தை, தம்பி ஒளிப்படங்களிலிருந்து உருவாக்கி வைத்திருக்கிறான், சந்திப்பு அங்கேதான்.

கையுறையின் ஒவ்வொரு விரல் நுனியிலும் ஒரு சிறு மோட்டார் உண்டு. மெய்நிகர்ப் பொருள் எதையாவது விரல் தொட்டால் அது அதிரும், அவ்வளவே. தோலுக்கடியில் அதிர்வை உணரும் பாசினியன் நுண்ணுறுப்புகள் நொடிக்கு 200 முதல் 300 வரையிலான அதிர்வுகளை மிகக் கூர்மையாக உணர்வதால், சிறு மோட்டாரே போதுமானதாக இருக்கிறது. ஆனால் தொட்டோம் என்பது தெரிகிறதே தவிர, எதைத் தொட்டோம் என்பது தெரிவதில்லை. பர்மா தேக்குத் தூணும் ஆத்தங்குடித் தரைக்கல்லும் ஒரே மாதிரிதான் அதிர்கின்றன. கண்ணாடியின் மேல் வார்த்தெடுத்த அந்தக் கல்லின் வழவழப்புக்கும் குளிர்ச்சிக்கும் இதில் இடமில்லை. அப்பத்தாவுக்கு ஒருமுறை மாட்டிவிட்டபோது, "என்னப்பா இது, விரல்ல வண்டு ஊருற மாதிரி இருக்கு" என்று உடனே கழற்றச் சொல்லிவிட்டார்கள்.

மனிதரோடு பழகும்போதுதான் கையுறையின் அருமை தெரிகிறது. அது இல்லாத நாள்களில் கைகுலுக்கப் போனால் என் கை தம்பியின் கைக்குள் புகுந்து மறுபக்கம் வந்துவிடும். இப்போது விரல் நுனி அதிர்ந்த கணத்தில் கை தானாகவே நின்றுவிடுகிறது. தடுத்து நிறுத்தும் விசை எதுவும் இல்லாதபோதும் பழக்கம் அந்த வேலையைச் செய்துவிடுகிறது. சிக்கல் இணையத்தின் தாமதத்தில் இருக்கிறது. அவன் கை இருக்கும் இடம் சற்றுப் பிந்தியே எனக்கு வந்து சேர்வதால், அவன் கையை எடுத்த பிறகும் என் விரல்கள் அதிர்ந்துகொண்டிருக்கும். ஒரே கைகுலுக்கலை இருவரும் வெவ்வேறு நேரத்தில் உணர்கிறோம். அதனால் குலுக்குவதையே விட்டுவிட்டு, உள்ளங்கையோடு உள்ளங்கை வைத்து அசையாமல் நிற்கிறோம். நிற்கும் கைக்குத் தாமதம் ஒரு பொருட்டல்ல. விடாத அதிர்வு விரலை மரத்துப்போகச் செய்வதால், தொடும்போதும் எடுக்கும்போதும் மட்டும் ஒருமுறை துடிக்குமாறு மாற்றிக்கொண்டோம்.

கூடவே வாங்கிய அதிர்வுச் சட்டை அலமாரியில் கிடக்கிறது. அணைப்பு என்பது அழுத்தம். அதை அதிர்வால் ஈடுகட்ட முடியவில்லை.

சித்திரை வெயிலில் அரைமணி நேரத்திலேயே கையுறை வியர்வையில் ஊறிவிடுகிறது, துவைக்கவும் முடியாது. உள்ளே மெல்லிய பருத்தி உறை போட்டுக்கொள்கிறேன், அதிர்வு சற்று மங்கினாலும் நாற்றம் இல்லை. 14-ஆம் மாதத்தில் வலக்கை மோதிர விரலின் மோட்டார் நின்றுபோனது. விற்ற நிறுவனம் அந்த ஒரு விரலை மட்டும் பழுதுபார்க்க முடியாது, கையுறையையே மாற்ற வேண்டும் என்றது. நான்கு விரல்களோடுதான் இப்போது தம்பியின் கையைத் தொடுகிறேன். நான் சொல்லும்வரை அவனுக்கு அது தெரியவே இல்லை.