பார்க்க ஒரு சுவர், மாட்ட ஒரு சுவர்: மதுரையில் எது தேறும்?

கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் படிப்பை முடித்துவிட்டு ஊர் திரும்பிய என் பழைய மாணவன் ஒருவன், போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வாசலில் வந்து நின்றான். கையில் மூன்றடி நீளத்துக்கு ஒரு பிவிசி பைப். குழாய் ரிப்பேருக்கு வந்த ஆள் என்று நினைத்து என் மனைவி பின்பக்கமாகப் போகச் சொல்லிவிட்டாள். பைப்புக்குள் இருந்தவை சுருட்டிய கேன்வாஸ்கள்.

"சார், இதையெல்லாம் மதுரையில எங்க சார் மாட்டுறது?"

"அது இருக்கட்டும், மதுரையில நீ என்னடா பார்த்திருக்க?" என்று திருப்பிக் கேட்டேன். பதில் தெரியாவிட்டால் எதிர்க்கேள்வி போடுவது வாத்தியார் புத்தி. நான் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர். லோயர், ஹையர் என்ற ஓவியப் பரீட்சை, டிடிசி என்ற ஆசிரியர் பயிற்சிப் பரீட்சை என்று வரிசையாக எழுதி வேலைக்கு வந்த தலைமுறை. தமிழ்நாட்டில் அரசு கவின் கலைக் கல்லூரி சென்னையிலும் கும்பகோணத்திலும்தான் இருக்கிறது, அதனால் வரையத் தெரிந்த மதுரைப் பிள்ளை ஒன்று ஊரைவிட்டுப் போகும், இல்லையென்றால் என்னைப்போல மாஸ்டராகும். அன்றைக்கு மதியச் சாப்பாடு வரைக்கும் நீண்ட அந்தப் பேச்சைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பார்க்கும் இடங்கள். யாரைக் கேட்டாலும் மீனாட்சி அம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபம் என்பார்கள். எண்ணினால் 985 தூண்தான், 1569இல் அரியநாத முதலியார் கட்டியது, இப்போது அங்கே கோயில் கலைக்கூடம் இருக்கிறது. டிக்கெட் எடுத்து, நிதானமாக, அறிவிப்புப் பலகை படித்துப் பார்க்கலாம். 2018இல் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு கோயிலுக்குள் செல்போன் கூடாது என்றாகிவிட்டது. இதைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள், நான் வரமாகச் சொல்வேன். போன் இல்லாதவன் தூணைப் பார்ப்பான், வேறென்ன செய்வான்? ரதி, வீணையோடு நிற்கும் பெண் என்று ஒவ்வொரு தூணாக நின்றால் அரை நாள் ஓடிவிடும். ஆனாலும் அங்கே எனக்கு ஒரு மனக்குறை உண்டு. கலைக்கூடம் என்று பெயர் வைத்த உடனே ஜனங்கள் வேகமாக நடக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். அதே ஜனங்கள்தான் கம்பத்தடி மண்டபத்தில் காளிக்கும் ஊர்த்துவ தாண்டவருக்கும் முன்னால் நின்று, குறி பார்த்து வெண்ணெய் உருண்டை எறிகிறார்கள். குறி பார்க்கிறவன் சிலையை உற்றுப் பார்த்தே ஆக வேண்டும். எந்தக் கேலரியிலும் இப்படி ஒரு ரசிகர் கூட்டத்தை நான் கண்டதில்லை.

இதற்கு நேர் போட்டி எதிரிலேயே இருக்கிற புதுமண்டபம். என் ஓட்டு இதற்குத்தான் என்று நான் சொல்ல, மாணவன் ஒத்துக்கொள்ளவில்லை. திருமலை நாயக்கர் கட்டிய வசந்த மண்டபம், 124 தூண். நான் சின்னப் பையனாக இருந்தபோது அங்கே தையல் மிஷின் சத்தம்தான் கேட்கும். பாத்திரக் கடை, வளையல் கடை, பழைய புத்தகக் கடை, ராஜாக்கள் தலைக்கு மேல் தொங்கும் பாவாடை. நாயக்க மன்னர்களின் முழு உருவச் சிலைகள் வரிசையாக நிற்க, அவர்கள் தோளில் யாரோ ஒருவருடைய அளவு ஜாக்கெட் மாட்டியிருக்கும். கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். மீனாட்சி கல்யாணம், கயிலாயத்தைத் தூக்கும் ராவணன், கரும்பு தின்னும் கல்யானை எல்லாம் இப்போது ஜாக்கெட்டை விலக்கிப் பார்க்க வேண்டிய நிலையில் இல்லை. மாணவன் கட்சி வேறு. "கடை இருந்தப்பதான் சார் அது உசுரோட இருந்துச்சு." அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, நான் தலையை ஆட்டிவிட்டு அடுத்ததுக்குப் போனேன்.

இந்த மண்டபத்தை வெள்ளைக்காரன் நம்மைவிட முந்திப் படமாக்கிவிட்டான் என்பது ஒரு உறுத்தல். தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்று சித்தப்பாவும் அண்ணன் மகனுமாக 1792இல் மதுரைக்கு வந்து உள்பக்கத்தை வரைந்துகொண்டு போய், லண்டனில் அச்சுப்படமாக விற்றார்கள். அதைவிடப் பெரிய உறுத்தல் பிலடெல்பியா. மதுரை மதனகோபால சுவாமி கோயிலில் குவிந்து கிடந்த மண்டபத் தூண்களை 1912இல் ஒரு அமெரிக்க அம்மாள் விலைக்கு வாங்கிக் கப்பல் ஏற்றினார். அவை இன்றைக்குப் பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில், சரியான விளக்கு வெளிச்சத்தில், ஒரு முழு மண்டபமாக நிற்கின்றன. திருடவில்லை, வாங்கினார். கோயிலில் கிடந்தபோது அது கல் குவியல், அங்கே போனதும் கலை. வெளிச்சத்தையும் பராமரிப்பையும் மட்டும் வைத்துத் தரவரிசை போட்டால் மதுரைச் சிற்பத்துக்கான முதல் கேலரி அமெரிக்காவில் இருக்கிறது என்று எழுத வேண்டியிருக்கும். எழுத மனசு வரவில்லை.

சிற்பம் போதும், சாயம் தொட்ட ஓவியம் வேண்டும் என்றால் அழகர்கோயில். ஊரிலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம். அங்கே வசந்த மண்டபத்தில் நாயக்கர் காலத்து ராமாயண ஓவியங்கள் இருக்கின்றன. சிவப்புப் பின்னணி, பக்கவாட்டு முகம், பட்டை பட்டையாகக் கட்டம் கட்டி ஓடும் கதை, படத்துக்குப் படம் தமிழில் எழுதிய விளக்கம். இன்றைக்குக் காமிக்ஸ் என்று பிள்ளைகள் படிப்பதற்கும் இதற்கும் அமைப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. மதுரைக் கோயிலுக்குள்ளும் ஊஞ்சல் மண்டப விதானத்தில் ராணி மங்கம்மாள் காலத்து ஓவியம் உண்டு. கூட்டத்தில் அண்ணாந்து பார்த்தால் பின்னால் வருகிறவர் முதுகில் இடிப்பார். அழகர்கோயிலில் அந்தத் தொந்தரவு கிடையாது. ஒரு துண்டை விரித்து மல்லாக்கப் படுத்துப் பாருங்கள், கழுத்து தப்பிக்கும். போவதற்கு முன்னால் மண்டபம் திறந்திருக்குமா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். ஒரு நாள்தான் இருக்கிறது, ஒரே இடம்தான் போக முடியும் என்று யார் கேட்டாலும் நான் இதைத்தான் சொல்வேன், ஆயிரங்கால் மண்டபத்தை அல்ல. கல்லில் மதுரை என்ன செய்தது என்று ஊர் உலகத்துக்கே தெரியும். தூரிகையில் என்ன செய்தது என்று மதுரைக்காரனுக்கே தெரியாது.

திருமலை நாயக்கர் மஹாலைப் பற்றிச் சுருக்கமாக. சுதை வேலை பிரமாதம், தூண்களில் காதலர்கள் கிறுக்கிய பெயர்களும் கணக்கிலடங்கா. காந்தி மியூசியம் வேறு ரகம். ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் 1959இல் நேரு திறந்துவைத்தது. விடுதலைப் போராட்ட வரலாறு 265 படங்களாக அங்கே வரிசையாக இருக்கிறது. ஓவியம் என்ற கண்ணோடு போனால் அது வரலாற்றுப் பாடப் புத்தகத்தைச் சுவரில் மாட்டியது மாதிரிதான் தோன்றும். ஆனால் படத்துக்கும் படத்துக்கும் நடுவில் மூச்சுவிட இடம், அமைதி, மரநிழல், இதெல்லாம் மதுரையில் வேறெங்கும் கிடைக்காது. அதே வளாகத்தில் அரசு அருங்காட்சியகமும் இருப்பதால் நடையும் மிச்சம்.

இத்தனை இடம் சொல்லியும் இன்றைக்கு உயிரோடு இருக்கும் ஓவியர் ஒருவருடைய படம் ஒன்றுகூட வரவில்லை, கவனித்தீர்களா? மாணவன் கவனித்துவிட்டான். மதுரையில் பிறந்தவர்கள் இல்லாமல் இல்லை. மனோகர் தேவதாஸ் இருந்தார். கண் பார்வை குறைந்துகொண்டே வந்தபோதும் பேனாவும் மையும் கொண்டு இந்த ஊரின் ஒவ்வொரு கல்லையும் வரைந்தவர், 2020இல் பத்மஸ்ரீ வாங்கி 2022இல் காலமானார். டிராட்ஸ்கி மருதுவும் மதுரைக்காரர்தான். இருவரும் வாழ்க்கை நடத்தியது சென்னையில்.

சரி, மாட்டும் இடத்துக்கு வருவோம். இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு, அடிபட்ட அனுபவம்.

வாடகை ஹால்தான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் நாங்கள் ஐந்து மாஸ்டர்கள் சேர்ந்து மூன்று நாள் கண்காட்சி போட்டோம். ஹால்காரர் போட்ட முதல் நிபந்தனை, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. பந்தல்காரரிடம் கம்பி வலை அடித்த ஸ்டாண்டு வாடகைக்கு எடுத்துக் கொக்கி போட்டு மாட்டினோம். பிரேம் கடைக்காரர் சாமி படத்துக்குப் போடுவதுபோல எல்லாவற்றுக்கும் கண்ணாடி போட்டுக் கொடுத்துவிட்டார், ஹால் டியூப்லைட் வெளிச்சத்தில் படம் தெரியவில்லை, பார்க்க வந்தவர் முகம்தான் தெரிந்தது. வந்தவர்களில் பாதிப் பேர் எங்கள் சொந்தக்காரர்கள். மீதிப் பேர் "இது பிரிண்டா சார்?" என்று கேட்டார்கள். விற்றது இரண்டு. அதில் ஒன்றை என் மைத்துனர் வாங்கினார், இன்னும் பணம் தரவில்லை.

அடுத்தது காபி ஷாப். அண்ணா நகர், கே.கே. நகர் பக்கம் புதிதாக வருகிற கடைகளில் சுவர் காலியாக இருக்கிறது, முதலாளிகளும் இளவயசுப் பிள்ளைகள், ஆசையாகக் கேட்கிறார்கள். வாடகை இல்லை, விற்றால் கமிஷன். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் படத்துக்கு நேர் கீழே சோபா போட்டு இரண்டு பேர் உட்கார்ந்திருக்க, அவர்கள் தலைக்கு மேல் குனிந்து யார் படம் பார்ப்பது? ஒரு கடையில் நான் கொடுத்த வாட்டர்கலர் இரண்டு, நாலு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது மவுண்ட் அட்டையில் காபிக் கறை. கடையின் பெயர் வேண்டாம், பையன் நல்ல பையன்தான். ஹாலுக்கும் இதற்கும் ஒப்பிட்டால், ஹாலில் பார்க்கிறவன் குறைவு, ஆனால் பார்க்க வந்தவன். காபிக் கடையில் தினமும் நூறு பேர், யாரும் பார்க்க வரவில்லை.

வெளியூர்? சென்னையில் லலித் கலா அகாடமியின் கிரீம்ஸ் ரோடு கேலரி இருக்கிறது, 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் சேர்ந்து உருவாக்கிய சோழமண்டலம் இருக்கிறது. பாண்டியனில் ராத்திரி ஏறினால் காலையில் எழும்பூர், பிவிசி பைப் பெர்த்துக்கு அடியில் படுத்துக்கொள்ளும். வாங்குகிறவர்கள் இருக்கும் ஊர் அதுதான், மறுக்க முடியாது. ஆனால் கேலரி வாடகை, லாட்ஜ் வாடகை, ஆட்டோ எல்லாம் சேர்த்தால் புதிதாக வருகிற பையனுக்குக் கட்டுப்படியாகாது. பார்த்துக் கற்றுக்கொள்ளத்தான் போகிறேன் என்றால் கொச்சிக்குப் போ என்றேன். 2012இல் தொடங்கிய பினாலே என்கிற பெரிய கலைக் கண்காட்சி, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, பழைய சரக்குக் கிடங்குகளுக்குள்ளேயே பிரமாண்டமாக நடக்கிறது. சென்னை 460 கிலோமீட்டர் என்றால் கொச்சி அதில் முக்கால்கூட வராது. மதுரைக்காரர்கள் வடக்கே பார்த்தே பழகிவிட்டதால் மேற்கே இருப்பது கண்ணில் படுவதில்லை.

தெருச்சுவரும் ஒரு வழிதான். ஒரு காலத்தில் தங்கம் தியேட்டர் வாசல்தான் இந்த ஊரின் பெரிய கேலரி. கட்டம் போட்டு, கோடிழுத்து, இருபதடி முகத்தை நிற்க வைத்த பேனர் ஓவியர்களிடம் நான் எடுபிடி வேலை பார்த்திருக்கிறேன். பிளக்ஸ் வந்தது, அவர்கள் போனார்கள். இப்போது மாநகராட்சிச் சுவர்களில் வரைய ஆள் கூப்பிடுகிறார்கள், கூலியும் உண்டு, ஆனால் ஜல்லிக்கட்டுக் காளையும் யானைமலையும் தாண்டி வரைய விடமாட்டார்கள். கோவில்பட்டியில் கொண்டையராஜு நாடகத் திரைச்சீலையில் ஆரம்பித்துக் காலண்டர் வழியாக வீட்டுக்கு வீடு நுழைந்தார், அந்த வழியும் இப்போது இல்லை. அவருடைய மீனாட்சி கல்யாணப் படம் எங்கள் வீட்டுக் கூடத்தில் இன்னும் தொங்குகிறது.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் என் மனைவி அடுப்படியிலிருந்து சொன்னாள்: "ஏன், கொலுவுக்கு வர்றவுக எல்லாம் இங்கதான் வர்றாக. அப்ப மாட்டுங்களேன்." அவள் வருடா வருடம் விளாச்சேரிக்கு நேரில் போய், வேளார் வீடுகளில் சூளைக்குப் பக்கத்திலேயே பொம்மை பார்த்து, பேரம் பேசி வாங்கி வருகிறவள். எந்தப் பொம்மைக்குக் கண் சரியாக எழுதவில்லை என்று எடுத்த எடுப்பில் சொல்வாள். கொலு பார்க்க வருகிற பெண்களும் அப்படித்தான்: போன வருடம் இல்லாத பொம்மை எது, சாயம் எங்கே மங்கியிருக்கிறது என்று ஒவ்வொரு படியாகப் பார்ப்பார்கள், முகத்துக்கு நேராகச் சொல்லியும் விடுவார்கள். அழைக்காத வீட்டுக்குள்ளும் கூச்சமில்லாமல் நுழைந்து பார்க்கும் வழக்கம் அந்த ஒன்பது நாள் இந்த ஊரில் இருக்கிறது. ஹாலில் மூன்று நாளில் வந்த கூட்டத்தைவிட எங்கள் வீட்டில் ஒரு சாயங்காலம் வருகிற கூட்டம் அதிகம். இது ஏன் இத்தனை வருடம் எனக்குத் தோன்றவில்லை என்று யோசித்தேன். ஆணி அடிக்கலாம், கண்ணாடி வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் போதும். விற்குமா என்று தெரியாது, கொலுவில் யாரும் விலை கேட்டுப் பழக்கமில்லை, நாமாக விலைச் சீட்டு ஒட்டினால் தப்பாக நினைப்பார்களோ என்று எனக்குத் தயக்கம். மாணவன் ஒட்டியே ஆக வேண்டும் என்கிறான். அதில் இன்னும் முடிவாகவில்லை.

பைப்பிலிருந்து நாலு கேன்வாஸை எடுத்து விரித்து, டேப் வைத்துக் கூடத்துச் சுவரை அளந்தான். கொலுப்படி போக ஒன்பதடி மிச்சம். "கொண்டையராஜுவ எடுத்துட்டா பத்தரை அடி வரும் சார்" என்றான். அடுப்படியிலிருந்து, "அத யாரும் தொடக் கூடாது" என்று குரல் வந்தது.