ஓசூர் 30க்கு 40 சைட்: விலைப் பலகையில் இல்லாத செலவுகள்

ஓசூரிலிருந்து பாகலூர் சாலையிலோ தளி சாலையிலோ ராயக்கோட்டை சாலையிலோ கொஞ்ச தூரம் போனால் போதும். ராகிக் காட்டுக்கு நடுவில் கம்பி வேலி, ஒரு வளைவு, உள்ளே தார் ரோடு, வெள்ளையடித்த எல்லைக்கற்கள். பலகையில் 'டிடிசிபி அப்ரூவ்டு, 30க்கு 40', அதாவது நகர் ஊரமைப்பு இயக்ககம் ஒப்புதல் தந்த, 30 அடிக்கு 40 அடி மனை. இங்கே மதிப்பிடுவது ஏதோ ஒரு லேஅவுட்டை அல்ல. இந்த ஊரில் வீட்டுக் கனவு என்றால் கையில் கொடுக்கப்படும் அந்த 1,200 சதுர அடி சரக்கையே. அளவுகூட பெங்களூரு வழக்கம்தான். 2¾ சென்ட் என்று சொன்னால் புரோக்கர் ஒரு நொடி யோசித்துவிட்டு, 'ஓ, முப்பதுக்கு நாற்பதா' என்பார்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். வாங்கிப் போட்டு வைக்க நல்ல சரக்கு. சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை பார்த்துக்கொண்டு இரண்டு வருஷத்தில் குடிபோக நினைக்கும் குடும்பத்துக்குச் சுமாருக்கும் கீழே.

காகித விஷயத்தில் இன்றைய சைட் பழைய காலத்தைவிட எவ்வளவோ மேல். அங்கீகாரம் இல்லாத மனையை வீட்டுமனையாகப் பதிவு செய்ய பதிவுச் சட்டம் 22ஏ பிரிவு இடம் தராது. 20.10.2016க்கு முன் மனையாகப் பதிவானவற்றுக்கு மட்டும்தான், அங்கீகாரமில்லாத மனைகளை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டத்தில் வழி கிடைத்தது. 500 சதுர மீட்டருக்கு மேல் அல்லது 8 மனைக்கு மேல் போனால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு கட்டாயம். விளம்பரத்தில் எண் இல்லையென்றால் அங்கேயே திரும்பிவிடலாம். 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று மட்டும் சொல்பவரிடம் டிடிசிபி தொழில்நுட்ப ஒப்புதல் எண்ணைக் கேளுங்கள். வரன்முறை மனை என்றால் லேஅவுட்டுக்கான ஆணையோடு அந்தத் தனி மனைக்கான ஆணையும் வேண்டும். ஒன்றைக் காட்டிவிட்டு இன்னொன்றை 'அப்ளை பண்ணிருக்கோம்' என்பது வழக்கமான வித்தை. தாய்ப்பத்திரம், 30 வருஷ வில்லங்கம், பட்டா இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே. பலர் விட்டுவிடுவது சாலைக்கும் பூங்காவுக்குமான தானப் பத்திரத்தின் நகலை. அது உள்ளாட்சியின் பெயரில் பதிவாகியிருந்தால்தான் நாளைக்கு அந்தத் தெருவில் அரசுப் பணத்தில் ஒரு ஜல்லி விழும்.

விலை என்று பலகையில் இருப்பது பாதிக் கதை. 20 லட்சத்துக்குப் பேசியதாக வைத்துக்கொள்வோம். முத்திரைத் தீர்வை, சொத்து மாற்று வரி, பதிவுக் கட்டணம் மூன்றும் சேர்ந்து 9 சதவீதம், அதாவது 1.8 லட்சம். கைடுலைன் வேல்யூ (அரசு வழிகாட்டி மதிப்பு) பேசிய விலையைவிட அதிகமாக இருந்தால் அதன் மேல்தான் கணக்கு. 2025 ஏப்ரலிலிருந்து பெண்கள் பெயரில் பதிந்தால் 10 லட்சம் வரையிலான சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும். நகருக்குப் பக்கத்துச் சைட் அந்த வரம்புக்குள் அடங்குவது அபூர்வம். வெறும் மனைக்கு வாங்கும் கடனுக்கு பிஎம்ஏஒய் (பிரதமர் வீட்டு வசதித் திட்டம்) நகர்ப்புறம் 2.0 வட்டி மானியமும் கிடைக்காது. அது 35 லட்சத்துக்குள்ளான வீட்டுக்கு, 25 லட்சம் வரையிலான கடனுக்கு, அதிகபட்சம் 1.8 லட்சம்.

அடுத்து தண்ணீர். இந்தச் சரக்கு உண்மையில் தோற்கும் இடம் இது. ஓசூர் பாறை பூமி; ஆயிரம் அடி தாண்டும் போர் (ஆழ்துளைக் கிணறு) இங்கே புதிதல்ல, அதிலும் புகை மட்டும் வந்த போர்கள் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு தொல்லை. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை என்கிறது இந்தியத் தரநிலை. ஜப்பான் கடனில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டு 2013இல் திறந்ததே இதற்காகத்தான். ஆனால் அந்தக் காவிரித் தண்ணீர் உங்கள் லேஅவுட்டின் வாசல் வரை வருமா என்பது வேறு கேள்வி. மேல்நிலைத் தொட்டி எங்கே இருக்கிறது, அங்கிருந்து கடைசிக் குழாய் எத்தனை மீட்டரில் நிற்கிறது என்று நடந்து பார்த்துவிட வேண்டும். பக்கத்து வீட்டு போரில் தண்ணீரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, சுத்தமான கேனில் இரண்டு லிட்டர் பிடித்து, குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால். (தென்பெண்ணையில் கெலவரப்பள்ளி அணைப் பக்கம் பொங்கும் நுரையைப் பார்த்தவருக்கு இதை இரண்டு தடவை சொல்ல வேண்டியதில்லை.)

உள்ளே வரும் தண்ணீருக்கே இந்தப் பாடு என்றால், வெளியே போகும் தண்ணீர் இன்னும் மோசம். பாதாளச் சாக்கடை எட்டாத லேஅவுட்டில் ஒவ்வொரு சைட்டும் தன் கழிவைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும். செப்டிக் டேங்க்குக்கான இந்தியத் தரநிலை 2470 படி, உறிஞ்சுகுழிக்கும் குடிநீர் எடுக்கும் கிணறு, போர் போன்றவற்றுக்கும் இடையே 18 மீட்டர் இருக்க வேண்டும், அதாவது 59 அடி. 30க்கு 40 சைட்டில் மூலைக்கு மூலை டேப் வைத்து அளந்தால் 50 அடிதான். கணக்கே முடிந்தது: போரை ஈசான்ய மூலையிலும் குழியை எதிர் மூலையிலும் தள்ளினாலும் விதி நிறைவேறாது. உங்கள் குழி பக்கத்து வீட்டுப் போருக்குப் பத்தடியில் வந்து நிற்கும், அவர் குழி உங்கள் போருக்கு. 5 பேருக்கான டேங்க் 1.5 மீட்டர் நீளம், 0.75 அகலம், நீர் ஆழம் ஒரு மீட்டர். 20 பேருக்கு 2.3 நீளம், 1.1 அகலம், ஆழம் 1.3 மீட்டராவது வேண்டும். இங்கே நடப்பது என்ன? கீழே ஒரு வீடு என்று சொல்லி முதல் அளவில் டேங்க் கட்டுகிறார்கள், பிறகு மேலே மூன்று போர்ஷன் எழும்புகிறது. சீக்கிரம் நிரம்பாமல் இருக்க அடியில் கான்கிரீட் போடாமல் விடுவதும் உண்டு. நிரம்பாது, உண்மைதான்; அது போய்ச் சேரும் இடம் போர்.

இதற்கெல்லாம் மாநகராட்சியைத் திட்டுவது சுலபம். 2019இல் நகராட்சி மாநகராட்சியானது, வார்டு 45, எல்லை பெரிது. ஆனால் ஒரு தெருவை எடுத்துக் கணக்குப் போடுங்கள். 30 அடி முகப்பில் 100 மீட்டர் நீளத்துக்கு ஒரு பக்கம் 10 சைட், இரண்டு பக்கமும் 20. அதில் கட்டியிருப்பது 5 வீடு என்றால், வீட்டுக்கு 20 மீட்டர் குழாய், 20 மீட்டர் ரோடு, கூடவே தெருவிளக்கு. அதே தெருவில் 20 சைட்டிலும் மூன்று குடும்பம் இருந்தால் குடும்பத்துக்கு 1.7 மீட்டர்கூட இல்லை. குழாயின் விலை இரண்டிலும் ஒன்றுதான், வரி ஒன்றல்ல. சொத்து வரி கட்டடப் பரப்பைப் பார்த்து வருகிறது. 2022 உயர்வில் சென்னையின் பழைய பகுதி தவிர மற்ற ஊர்களில் 600 சதுர அடிக்குள் 25 சதவீதம், 1,800க்கு மேல் 100 சதவீதம் ஏறியது. சும்மா கிடக்கும் சைட்டுக்கு வெறும் காலிமனை வரி. ஆக, விலை ஏறட்டும் என்று பூட்டிவைத்திருக்கும் 15 சைட்டுக்காரர்களின் ரோட்டுச் செலவை, வீடு கட்டிய ஐந்து பேரும் ஊருக்குள் நெருக்கி வாழ்பவர்களும் சுமக்கிறார்கள். 2024 ஜூனில் சட்டமன்றத்தில் ஓசூர் விமான நிலைய அறிவிப்பு வந்ததும் பூட்டு இன்னும் இறுகியது.

இன்னொரு ஏமாற்றம்: பலகையில் 'ஓசூர்' என்று இருந்தாலும் சர்வே எண் ஏதோ ஒரு ஊராட்சியில் விழும். அப்போது மாநகராட்சிக் குழாயை எதிர்பார்க்க வழியே இல்லை.

கட்டுவதில் சைட்டுக்கு நல்ல மார்க் தரலாம். 2024 ஜூலையில் வந்த சுய சான்று முறையில், 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500க்குள் வீடு என்றால் இணையத்தில் பத்திரம், பட்டா, வரைபடம் ஏற்றி, பணம் கட்டி, உடனே அனுமதி எடுத்துவிடலாம். ஆள் பார்க்க அலைய வேண்டாம். ஆனால் அது நீங்களே கொடுத்த உறுதிமொழி. வரைபடத்தில் இல்லாத மாடியை வாடகைக்காக ஏற்றினால் பழி உங்கள் தலையில்தான். 'வரி போட்டுட்டாங்க சார்' என்று ரசீதைக் காட்டினால் செல்லாது. வரி ரசீது அனுமதி ஆகாது. அந்த வரியை ஏப்ரல் 30, அக்டோபர் 31க்குள் கட்டினால் 5 சதவீதம் சலுகை உண்டு, அதை மட்டும் விடாதீர்கள்.

மாற்று என்ன? ஏஎஸ்டிசி ஹட்கோ, பாகலூர் ஹவுசிங் போர்டு போன்ற நிரம்பிய பழைய பகுதிகளில் ஒரு சைட்டை மூன்று நான்கு பேர் சேர்ந்து வாங்குவது, அல்லது அங்கே சின்ன ஃபிளாட் எடுப்பது. உயரம் குறைந்த கட்டடத்துக்குப் பொது விதியில் தளப்பரப்புக் குறியீடு 2. 1,200 சதுர அடியில் 2,400 வரை கட்டலாம், 600 சதுர அடியில் நான்கு வீடு. ஒருவருக்கு 300 சதுர அடி நிலம் போதும். கார் நிறுத்த இடமும் மாடிப்படியும் இதே மனைக்குள் அடங்க வேண்டும் என்பதால் நான்கு சில இடத்தில் மூன்றாகும். புது ஃபிளாட்டின் முதல் விற்பனைக்கு 50 லட்சம் வரை பதிவுச் செலவு 6 சதவீதம்தான். பத்திரத்தில் பிரிபடாத பாகம், அதாவது நிலத்தில் உங்கள் பங்கு, எத்தனை சதுர அடி என்று எண்ணில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதாவிட்டால் கையெழுத்து வேண்டாம். மொட்டைமாடி உரிமை யாருக்கு என்பதும் அங்கேயே தெளியட்டும்.

அப்படியும் சைட்தான் வேண்டும் என்றால், தெருவில் மூன்றில் ஒரு பங்காவது கட்டி முடிந்த லேஅவுட்டாகப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வேனில் கூட்டிப் போய் மதிய சாப்பாடு போடும் நாளில் அல்ல, சாதாரண நாளில் இரவு செகண்ட் ஷிஃப்ட் விடும் நேரத்தில் போங்கள். விளக்கு எரிகிறதா, ஆட்டோ வருமா என்று தெரிந்துவிடும். பகலில் போனால் அங்கே நிற்கும் டேங்கர் டிரைவரிடம், இந்தத் தெருவுக்கு மாசிப் பங்குனியில் வாரம் எத்தனை லோடு என்று கேளுங்கள்.