டிரம்பெட்டா, சாக்ஸபோனா? தனியாக வாசித்துப் பிழைக்க நினைப்பவர்களுக்கு

அக்கா மகனுக்கு 16 வயது. பெரம்பூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பேண்டு செட் இருக்கிறது. அதில் ஒரு வருடமாக டிரம்பெட் ஊதுகிறான். போன மாதம் வந்து, "மாமா, இதையே தொடரட்டுமா, சாக்ஸுக்கு மாறிடட்டுமா? கூட்டத்தோட ஊத வேணாம், மேடையில தனியா வாசிக்கணும்" என்று கேட்டான். நான் 17 வருடம் டிரம்பெட் ஊதினேன். இப்போது 11 வருடமாக ஆல்டோ சாக்ஸ், அதாவது நடுத்தர அளவு சாக்ஸபோன். அவனிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நான் சாக்ஸ் பக்கம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்த விஷயங்களை வேகமாகத் தாண்டிவிடலாம். டிரம்பெட் விலை குறைவு, கையில் லேசு, மூன்றே வால்வு. ஆனால் சுத்தமான ஒரு ஒலி வரவே மாதக்கணக்கில் ஆகும். சாக்ஸில் முதல் வாரமே ஏதோ ஒரு பாட்டு வந்துவிடும். வீட்டில் சாதகம் செய்ய டிரம்பெட்டுக்கு சத்தத்தை அடக்கும் மியூட் இருக்கிறது. சாக்ஸுக்கு உருப்படியான மியூட் கிடையாது, சுவரோடு சுவர் ஒட்டிய நம் வீடுகளில் அக்கம்பக்கத்தாரிடம் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்வது நல்லது.

வேலை என்று பார்த்தால் டிரம்பெட்டுக்கு நியாயமான பலம் உண்டு. வடசென்னையில் கல்யாண ஊர்வலம், இறுதி ஊர்வலம், பெரம்பூர் லூர்து மாதா கோவில் தேர், ராயபுரம் ராயப்பர் கோவில் திருவிழா என்று எதற்குக் கூப்பிட்டாலும் முன்வரிசையில் டிரம்பெட் வேண்டும். காவல்துறை பேண்டு, ராணுவ பேண்டு என்று சம்பள வேலைக்கும் வழி இருக்கிறது. மேற்கத்திய சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவில் டிரம்பெட்டுக்கு நிரந்தர நாற்காலி உண்டு, சாக்ஸுக்கு இல்லை. தனி வாசிப்புக்கான பெரிய படைப்புகளும் அந்தப் பக்கம்தான். ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹெய்டன் டிரம்பெட்டுக்காக கான்செர்ட்டோ (தனி வாத்தியமும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) எழுதியது 1796இல். சாக்ஸபோனை உருவாக்கிய அடால்ஃப் சாக்ஸ் தன் வாத்தியத்துக்குக் காப்புரிமை வாங்கியதே 1846இல். ஹெய்டனும் மோசார்ட்டும் சாக்ஸபோனைக் கண்ணால் பார்க்கவே இல்லை.

டிரம்பெட்டைத் தனி வாத்தியமாக உலக மேடையில் நிறுத்தியவர்களில் பிரான்சின் மோரிஸ் ஆந்த்ரே முக்கியமானவர். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன். அவரும் பதின்வயதில் சுரங்கத்தில் இறங்கியவர்தான். ராணுவ பேண்டில் சேர்ந்து, அதன் வழியாகப் பாரிஸ் இசைக் கல்லூரிக்குள் நுழைந்தார். 1955இல் ஜெனீவாவிலும் 1963இல் மியூனிக்கிலும் முதல் பரிசு. வியாசர்பாடியிலோ காசிமேட்டிலோ இருந்து கிளம்புகிற பையனுக்கு இந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும் என்று நான் உண்மையாகவே விரும்புகிறேன்.

ஆனால் இங்கே, தமிழ் ரசிகர்கள் முன்னால், தனியாக உட்கார்ந்து வாசிக்கப் பாதை போட்டது சாக்ஸ். போட்டவர் கத்ரி கோபால்நாத். நாதஸ்வரக் குடும்பத்துப் பிள்ளை, மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸைக் கேட்டு அதன்மேல் ஆசை வைத்து, கர்நாடக இசையில் சுரத்தை அசைத்து வளைக்கிற கமகத்தை அதற்குள் கொண்டுவந்தார். 1994இல் லண்டன் பிபிசி ப்ராம்ஸ் இசை விழா மேடை, அதே வருடம் அவர் சாக்ஸ் வாசித்த 'டூயட்' படம், 2004இல் பத்மஸ்ரீ. 'டூயட்' வந்த பிறகு எங்கள் பகுதியில் சாக்ஸைத் தொட்டுப் பார்க்க ஆசைப்படாத பையன் இல்லை. கிளாரினெட்டில் ஏ.கே.சி. நடராஜன் அதற்கும் முன்பே இதைச் செய்து காட்டியவர். டிரம்பெட்டில் மூன்று வால்வை வைத்துக்கொண்டு கமகம் நிறைந்த தோடி ராகம் வாசிப்பது பெரும்பாடு. மேடையை எட்டுவதற்கு முன்பே பாதி உழைப்பு அதில் போய்விடும்.

இதெல்லாம் இருக்கட்டும். நான் மாறியதற்குக் காரணம் வேறு. உதடு.

டிரம்பெட்டில் அதிர்வது உதடு, சாக்ஸில் அதிர்வது ரீடு என்கிற மெல்லிய நாணல் பட்டை. இந்த ஒரு வித்தியாசத்தில்தான் முப்பது நாற்பது வருடப் பிழைப்பு அடங்கியிருக்கிறது. நாதஸ்வரக்காரருக்கு சீவாளி எப்படியோ, சாக்ஸ்காரருக்கு ரீடு அப்படி. தேய்ந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வைக்கலாம். டிரம்பெட்காரருக்கு அவர் வாய்தான் சீவாளி.

எனக்கு அது நடந்தது ஒரு தேர்த் திருவிழாவில். அந்த வாரத்தில் அது ஐந்தாவது ஊர்வலம், இரவு பதினோரு மணி இருக்கும். மேல் சுரத்துக்குப் போனேன், காற்று மட்டும்தான் வந்தது. மவுத்பீஸை எடுத்தால் விளிம்பில் ரத்தம். உதட்டில் வட்டமாக வீங்கிய தடம், அதன் நடுவில் சின்ன வெடிப்பு. மறுநாள் முகூர்த்தம், அட்வான்ஸ் வாங்கியாயிற்று, அதனால் மறுபடியும் ஊதினேன். அந்தத் தப்புக்கு ஏழு மாதம் சும்மா உட்கார வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகும் மேல் சுரம் பழையபடி திரும்பவில்லை.

பெரிய கலைஞர்களையும் இது விட்டுவைக்கவில்லை. அமெரிக்க ஜாஸ் டிரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் 1930களின் நடுவில் உதட்டுக் காயத்தால் மாதக்கணக்கில் வாசிக்காமல் இருந்தார். உதட்டைச் சுற்றியுள்ள தசை கிழிவதற்கு அவருடைய செல்லப் பெயரை வைத்து 'சாட்ச்மோ சிண்ட்ரோம்' என்றே மருத்துவர்கள் சொல்கிறார்கள். இன்னொரு ஜாஸ் டிரம்பெட் கலைஞர் ஃப்ரெடி ஹப்பர்டுக்கு 1992இல் மேலுதடு கிழிந்து தொற்று ஏற்பட்டது. பழைய வாசிப்பு அவருக்குத் திரும்பவில்லை. அதே சமயம் அமெரிக்க டிரம்பெட் கலைஞர் டாக் செவரின்சன் தொண்ணூறு வயதைத் தாண்டியும் டிரம்பெட்டோடு மேடையேறினார், அதையும் சொல்லத்தான் வேண்டும். தினமும் அளவாகச் சாதகம், நடுநடுவே ஓய்வு என்று இருந்தால் உதடு தாங்கும். ஆனால் சீசனில் ஒரு நாளைக்கு இரண்டு ஊர்வலம் ஒப்புக்கொள்கிற நம் ஆட்களுக்கு அந்த ஓய்வை யார் கொடுப்பது?

சாக்ஸிலும் பராமரிப்பு உண்டு, அதிகமாகவே உண்டு. ஆனால் பராமரிக்க வேண்டியது வாத்தியத்தை. கடல் காற்றில் ஸ்பிரிங் துருப்பிடிக்கும். ஜி ஷார்ப் சுரத்தின் ஓட்டையை மூடுகிற பேட் (மெத்தை) ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும், மேடையேறும் முன் பத்து ரூபாய்த் தாளை அதற்கடியில் வைத்து மெல்ல இழுத்துவிடுவேன். நல்ல கம்பெனி ரீடு பத்து உள்ள பெட்டி 2,000 ரூபாயைத் தாண்டுகிறது, அதில் மேடைக்குத் தேறுவது மூன்றோ நான்கோ. மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை பேட் முழுவதையும் மாற்ற வேண்டும். விளக்கை அணைத்துவிட்டு, குழாய்க்குள் சின்ன எல்இடி சரத்தை இறக்கி, ஒவ்வொரு கீயாக மூடிப் பார்ப்பேன். எங்கே கோடு போல வெளிச்சம் கசிகிறதோ அங்கே காற்றும் கசிகிறது. முதல் தடவை பார்த்தபோது ஐந்து இடத்தில் வெளிச்சம். அன்றைக்கு மனசுக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. குறை எங்கே என்று கண்ணுக்குத் தெரிகிறது, காசு கொடுத்தால் சரியாகிவிடும். உதட்டுக்கு அப்படி ஒரு விளக்கு இல்லை.

சாக்ஸில் உடம்பு தேயாது என்று சொல்லமாட்டேன். கீழுதட்டின் உள்பக்கம் பல் தடம் விழும், கழுத்து வார் தோளை இழுக்கும். நுரையீரல் எந்த ஊதுவாத்தியத்துக்கும் பொதுவானது. ஜாஸ் சாக்ஸ் கலைஞர் சோனி ரோலின்ஸ் 2012இல் மேடையில் வாசிப்பதை நிறுத்தியதும் நுரையீரல் நோயால்தான். ஆனால் அப்போது அவருக்கு வயது 82.

கிளாரினெட்டை நான் ஒரு வருடம்தான் வாசித்திருக்கிறேன், அதைப் பற்றி அடித்துச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. ஓட்டைகளை விரலாலேயே மூட வேண்டியிருப்பதால் சாக்ஸைவிடக் கடினம், கமகம் அதிலும் அழகாக வரும் என்பது வரை தெரியும். புல்லாங்குழல், டிராம்போன் பக்கம் நான் போனதே இல்லை. ஒருவன் மேற்கத்திய செவ்வியல் இசைக்குத்தான் போவேன் என்று உறுதியாக இருந்தால், லண்டன் ட்ரினிட்டி கல்லூரி இசைத் தேர்வின் எட்டு கிரேடையும் முடித்துவிட்டு வெளிநாட்டுக் கல்லூரிக்குக் குறி வைக்கிறான் என்றால், டிரம்பெட்டையோ கிளாரினெட்டையோ விடாதே என்றுதான் சொல்வேன்.

அக்கா மகனுக்குத் தோடி பிடிக்கிறது. அதனால் என்னுடைய பழைய ஆல்டோவை அவனிடம் கொடுத்திருக்கிறேன். கீழ் சி பேடில் வெளிச்சம் கசிகிறது, ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாக உட்கார்ந்து மாற்றப் போகிறோம். செட்டில் ஒப்புக்கொண்ட இரண்டு முகூர்த்தம் மட்டும் பாக்கி இருக்கிறது. அவற்றை டிரம்பெட்டிலேயே முடித்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன், ஒரு நாளைக்கு ஒரு ஊர்வலத்துக்கு மேல் வேண்டாம் என்று சொல்லித்தான்.